லகானைத் தோற்கடித்தவர்களும் ஒஸ்லோவில் படம் காட்டியவர்களும்



இந்தத் தடவை கொஞ்சம் நீளமான கட்டுரை. சினிமா பற்றியதுதான், ஆனால் விமர்சனம் இல்லை, வரலாறு. வரலாறு என்றதும் கொட்டாவி விடுகிற நம்ம வகுப்பு கடைசி பெஞ்ச் நண்பர்களுக்கு ஒரு உறுதி: இதில் ஆஸ்கார் இருக்கிறது, மீன் இருக்கிறது, ரயில் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

ஒரு பழைய வருத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2002 மார்ச் 24. ஆஸ்கார் விழா. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஐந்து பெயர்களில் நம்ம 'லகான்' இருந்தது. நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அப்பா இன்னும் அந்தக் கதையைச் சொல்லிப் புலம்புவார். "கிடைச்சிருக்க வேண்டியதுடா, எவனோ வந்து தட்டிட்டுப் போயிட்டான்" என்பார். அந்த 'எவனோ' யார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம்தான் தேடிப் பார்த்தேன். படத்தின் பெயர் 'நோ மேன்ஸ் லேண்ட்'. நாடு போஸ்னியா. இயக்குநர் டானிஸ் தானோவிச். இரண்டு எதிரிப் படைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு பதுங்குகுழியில் மூன்று சிப்பாய்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் கண்ணிவெடியின் மேல் படுத்திருக்கிறான். அசைந்தால் எல்லோரும் காலி. இவ்வளவுதான் கதை. பார்த்து முடித்ததும் அப்பாவிடம் போய், "லகான் தோத்ததுல தப்பே இல்லப்பா" என்று சொன்னேன். அன்று இரவு எனக்குத் தனியாகத்தான் சாப்பாடு :-)

அந்தப் படத்தைப் பற்றிப் படிக்கப் போய்தான் இந்தக் கட்டுரையே வந்தது. சொந்த நாட்டில் போர், மக்கள் உலகம் முழுக்கச் சிதறிவிட்டார்கள், கையில் காசு கிடையாது. அப்படிப்பட்டவர்கள் எதற்காகத் திரைப்பட விழா நடத்தினார்கள்? இதுதான் என் கேள்வி.

முற்றுகைக்குள் ஒரு திரை

போஸ்னியப் போர் 1992 முதல் 1995 வரை நடந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். தலைநகர் சரயேவோ 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை, அதாவது கிட்டத்தட்ட நான்கு வருஷம் முற்றுகையில் இருந்தது. சுற்றிலும் மலைகள், மலைகளின் மேல் பீரங்கிகள். தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் சுடப்பட்டார்கள். டானிஸ் தானோவிச் அப்போது இருபத்து சொச்சம் வயது மாணவர். கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த நகரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பதிவு செய்து கொண்டிருந்தார். பிறகு பெல்ஜியம் போய் சினிமா படித்தார்.

அந்த முற்றுகை முடிவதற்கு முன்பே, 1995 அக்டோபர் 25ஆம் தேதி, சரயேவோவில் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். 15 நாடுகளிலிருந்து 37 படங்கள். குண்டு விழும் ஊரில் ஜனங்கள் வரிசையில் நின்று படம் பார்த்தார்கள். இன்று அது தென்கிழக்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய திரைப்பட விழாக்களில் ஒன்று.

ஊரைவிட்டுப் போனவர்கள்? அவர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போன போஸ்னியர்களில் சிலர் 2000களின் முதல் பாதியில் நியூயார்க்கில் தங்களுக்கென்று ஒரு போஸ்னியத் திரைப்பட விழாவை ஆரம்பித்தார்கள். அகதியாக வந்து ஆங்கிலம் கற்று, கிடைத்த வேலையில் சேர்ந்து, அதற்குள் எப்படி இதற்கு நேரம் கிடைத்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஒருவன் ஞாபகம் வந்தான்.

ஒரே ரயில் பாதை

நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் ரயில் கும்மிடிப்பூண்டி லைன். தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று போய்க்கொண்டே இருக்கும். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூர், கடைசியில் கும்மிடிப்பூண்டி. அங்கே ஓர் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறினாலும் நம்ம ஆட்கள் இன்னும் 'கேம்ப்' என்றுதான் சொல்கிறார்கள்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த முகாமில் பிறந்தவன். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.) தினமும் அந்த ரயிலில்தான் வருவான். நான் திருவொற்றியூரில் ஏறும்போது அவன் பாதித் தூக்கம் தூங்கி முடித்திருப்பான். அவனுடைய அம்மம்மா 1990ல் படகில் வந்தவர். சித்தப்பா ஒருவர் நார்வேயில். அத்தை கனடாவில். இவன் மட்டும் யாழ்ப்பாணத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "எங்க ஊரு" என்று அவன் சொன்னால் எந்த ஊர் என்று நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போஸ்னியர்களைப் பற்றி அவனிடம் சொன்னேன். "இதெல்லாம் எங்க சித்தப்பா எப்பவோ சொல்லிட்டாரு மச்சான். ஒஸ்லோல எங்க ஆளுங்களும் நடத்துறாங்க" என்றான் ரொம்ப சாதாரணமாக. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

எரிந்துபோன ஸ்டுடியோ

ஒஸ்லோவுக்குப் போவதற்கு முன் இலங்கைக்குப் போக வேண்டும். இலங்கைத் தமிழர்களுக்கென்று ஒரு சினிமா இருந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

முதலில் ஒரு சுவையான தகவல். முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? நம்ம மதுரையில்! தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். ஆக, சிங்கள சினிமாவின் தொட்டிலை ஆட்டியதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் இலங்கைத் தமிழ்ப் படம் வருவதற்கு அதற்கப்புறம் 15 வருஷம் ஆனது. 1962ல் 'சமுதாயம்'. 16 எம்.எம்.மில் எடுத்தது, இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். 1963ல் மலையகத் தேயிலைத் தோட்டப் பின்னணியில் 'தோட்டக்காரி'. 1972ல் கட்டடக்கலைஞர் வி.எஸ்.துரைராஜா கைக்காசைப் போட்டு எடுத்த 'குத்துவிளக்கு'. 1977ல் 'பொன்மணி', இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. அவரும் சிங்களவர்தான், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1978ல் செங்கை ஆழியானின் நாவலை வைத்து 'வாடைக்காற்று'. நெடுந்தீவுக்கு வாடைக்காற்றுக் காலத்தில் மீன்பிடிக்க வருகிறவர்களின் கதை. காசிமேட்டுக்காரர்களுக்கு அந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

பெரிய வசூல் ஒன்றும் இல்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. யாழ்ப்பாணத்தில் ராணி, வெலிங்டன், வின்சர், மனோகரா, ராஜா என்று தியேட்டர்கள் இருந்தன. ஆனால் அவற்றில் ஓடியது எம்.ஜி.ஆர்., சிவாஜி. கோடம்பாக்கத்துப் பிரம்மாண்டத்துக்குப் பக்கத்தில் உள்ளூர்ப் படம் ஏழை வீட்டுக் கல்யாணம் மாதிரித் தெரிந்திருக்கும். மொழி ஒன்றாக இருந்ததே அவர்களுக்குப் பாதகமாகிவிட்டது. சிங்களப் படத்துக்கு வெளியிலிருந்து சிங்களத்தில் போட்டி கிடையாது. ஈழத்தமிழ்ப் படத்துக்கோ மெட்ராஸ் மொத்தமும் போட்டி.

1981 ஜூன் முதல் தேதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சுமார் 97,000 புத்தகங்கள் போயின. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத இன்னொரு தீ இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தலையில் இருந்த விஜயா ஸ்டுடியோ எரிக்கப்பட்டது. உரிமையாளர் கே.குணரத்தினம் என்ற தமிழர். அங்கே தமிழர் சொத்து மட்டுமா எரிந்தது? சிங்களப் படங்களின் மூல நெகடிவ்களும் சேர்ந்தே சாம்பலாயின. தங்கள் சினிமாவைத் தாங்களே கொளுத்திக்கொண்டார்கள். அதே கலவரத்தில் கே.வெங்கட் என்ற தமிழ் இயக்குநர் கொல்லப்பட்டார். அவர் எடுத்தது சிங்களப் படங்கள்!

அதற்கப்புறம் இலங்கைத் தமிழ் சினிமா என்று சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பல வருஷம் மின்சாரமே கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் அது. படம் எங்கே எடுப்பது?

மீன் வழியாக நார்வே

ஜனங்கள் கிளம்பினார்கள். நம்ம பக்கம் ராமேஸ்வரம் வழியாக வந்தவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். காசு திரட்ட முடிந்தவர்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்து கொண்டிருந்ததை உள்ளூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள்.

நார்வே கதை வேறு மாதிரி. அங்கே போன முதல் தமிழர் என்று சொல்லப்படுகிறவர் அன்ரனி ராஜேந்திரம். போரெல்லாம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பு, 1956ல் போனார். எதற்கு? மீன்பிடித் தொழிலைக் கற்றுக்கொள்ள! திரும்பி வந்து நார்வே நண்பர்களின் உதவியோடு 1967ல் 'சீ-நோர்' என்ற திட்டத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. அந்தத் தொடர்பு மூலம் எழுபதுகளில் சில இளைஞர்கள் நார்வேக்குப் படிக்கப் போனார்கள். எண்பதுகளில் போர் வந்ததும் அவர்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் பலர் போனார்கள். வடக்கே பனிக்கட்டிப் பிரதேசமான ஃபின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். இன்று நார்வேயில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இருக்கிறார்கள்.

காசிமேட்டில் விடிகாலையில் ஐஸ் பெட்டியோடு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இது ஞாபகம் வருகிறது. மீன் வெட்டும் வேலைதான், ஆனால் வெளியே மாதக்கணக்கில் சூரியனே வராது. வேலை முடிந்து அறைக்குப் போனால் என்ன செய்வது? வீடியோ கேசட்தான்!

இதில் ஒரு வியாபாரச் செய்தி இருக்கிறது. கோடம்பாக்கத்தில் வெளிநாட்டு உரிமையை 'எஃப்.எம்.எஸ்.' என்பார்கள். ஆரம்பத்தில் அதில் கண்ணுக்குத் தெரிந்தது மலேசியாவும் சிங்கப்பூரும்தான். தொண்ணூறுகளுக்குப் பிறகு லண்டன், பாரிஸ், டொராண்டோ, ஒஸ்லோ, சூரிச் எல்லாம் சேர்ந்துகொண்டன. அகதியாகப் போனவர்களின் டிக்கெட் காசு சென்னைக்கு வந்தது. பதிலுக்குச் சென்னை அவர்களுக்கு என்ன கொடுத்தது? 'தெனாலி' (2000), 'நந்தா' (2001), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) என்று விரல்விட்டு எண்ணும் படங்களில்தான் ஈழத்தமிழர்கள் வந்தார்கள். தெனாலியில் யாழ்ப்பாணத் தமிழ் ஒரு நகைச்சுவை. நாங்கள் சின்ன வயதில் அதைப் பேசிக் காட்டிச் சிரிப்போம். என் நண்பன் வீட்டுக்குப் போய் அவன் அம்மம்மா பேசியதைக் கேட்ட நாளிலிருந்து நான் அதைப் பேசிக் காட்டுவதை விட்டுவிட்டேன்.

ஆக, காசு கொடுத்துப் பார்க்கிறவர்கள் அவர்கள், திரையில் இருப்பது வேறு யாரோ. இதுதான் 2000களின் தொடக்கத்தில் நிலைமை. போஸ்னியர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்குப் போர் முடிந்ததும் ஒரு நாடு இருந்தது, நாட்டின் பெயரில் ஆஸ்காருக்குப் படம் அனுப்ப முடிந்தது. (அந்த வருஷம் லகானோடு தோற்ற படங்களில் ஒன்று நார்வே நாட்டுப் படமான 'எல்லிங்'!) ஈழத்தமிழர் எடுக்கும் படத்தை எந்த நாட்டின் பெயரில் அனுப்புவது?

சொந்தப் படம், சொந்த விழா

வீடியோ கேமராவும் கம்ப்யூட்டர் எடிட்டிங்கும் மலிவானதும் புலம்பெயர்ந்த இளைஞர்கள் தாங்களே படம் எடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் குறும்படங்கள். வார நாளில் வேலை, சனி ஞாயிறில் ஷூட்டிங். பிறகு முழுநீளப் படங்கள். டொராண்டோவில் லெனின் எம்.சிவம் எடுத்த '1999' (2009) அங்குள்ள தமிழ் இளைஞர்களிடையே நடந்த கோஷ்டிச் சண்டைகளைப் பற்றியது. வான்கூவர் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டது. அவருடைய அடுத்த படமான 'எ கன் அண்ட் எ ரிங்' 2013ல் ஷாங்காய் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது.

சரி, படம் எடுத்தாயிற்று. யார் பார்ப்பது? இங்கேதான் சிக்கல். உங்கள் பார்வையாளர்கள் பத்துப் பதினைந்து நாடுகளில், ஒவ்வொரு ஊரிலும் சில நூறு, சில ஆயிரம் பேராகச் சிதறிக் கிடக்கிறார்கள். எந்தத் தியேட்டரும் ஒரு வாரம் ஓட்டாது. விநியோகஸ்தர் தொடமாட்டார். ரஜினி படம் வந்தால் மண்டபம் நிரம்பும், '1999'க்கு நிரம்புமா?

எனக்குக் கேள்விக்கான பதில் இங்கேதான் கிடைத்தது. சிதறிய மக்களுக்குத் திரைப்பட விழா என்பது ஆடம்பரம் கிடையாது. அதுதான் அவர்களுடைய தியேட்டர். ஒரு நாள், ஒரு மண்டபம், எல்லோரும் வந்துவிடுங்கள் என்று சொன்னால்தான் அந்தப் படத்துக்குப் பார்வையாளர் கூட்டமே உருவாகும். நியூயார்க்கில் போஸ்னியர்களுக்கும் இதே கணக்குத்தான்.

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. எப்படி முடிந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த மாதங்களில் லண்டனிலும் டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் தமிழர்கள் தெருவில் இறங்கி நின்றார்கள். 2002ல் போர்நிறுத்தத்துக்கு நடுவராக வந்த நாடு நார்வே என்பதால் ஒஸ்லோத் தமிழர்களின் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் கொஞ்சம் கூடுதல்.

அடுத்த வருஷம், 2010ல், ஒஸ்லோவில் 'நார்வே தமிழ்த் திரைப்பட விழா' தொடங்கியது. தொடங்கியவர் வசீகரன் சிவலிங்கம். தமிழ்நாட்டுப் படங்களோடு, புலம்பெயர்ந்த நாடுகளில் எடுக்கப்பட்ட படங்களையும் குறும்படங்களையும் சேர்த்துத் திரையிட்டு, 'தமிழர் விருது' என்று ஒரு விருதும் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டுப் படங்களையும் ஏன் சேர்த்தார்கள்? கோபித்துக்கொண்டு ஒதுக்கியிருக்கலாமே? நான் யோசித்த வரையில் இரண்டு காரணம். ஒன்று, கூட்டம். கோடம்பாக்கத்துப் படம் இருந்தால்தான் குடும்பத்தோடு வருவார்கள், வந்தவர்கள் மற்றதையும் பார்ப்பார்கள். இன்னொன்று, அந்தக் குறும்படம் எடுத்த பையனின் படமும் சென்னையின் பெரிய இயக்குநர் படமும் ஒரே அழைப்பிதழில் அச்சாகும்போது பையனுக்கு ஒரு மரியாதை வருகிறது. இதில் ஆபத்தும் இருக்கிறது. சென்னைப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதி, சொந்தப் படங்களுக்குக் காலி நாற்காலிகள் மிஞ்சலாம். எழுபதுகளில் 'பொன்மணி'க்கும் 'வாடைக்காற்று'க்கும் நடந்த அதே கதை, பனி நாட்டில் மறுபடி நடக்கலாம்.

ஊருக்குத் திரும்பிய திரை

2015 இந்தக் கதையில் முக்கியமான வருஷம். மே மாதம் கான் திரைப்பட விழாவில் 'தீபன்' படத்துக்குத் தங்கப்பனை விருது கிடைத்தது. இயக்கியவர் ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சுக்காரர்தான். ஆனால் படத்தில் பேசும் மொழி பெரும்பாலும் தமிழ். கதாநாயகனாக நடித்தவர் 'கொரில்லா' நாவல் எழுதிய ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, பாரிஸுக்கு அகதியாகப் போனவர். கூட நடித்த காளீஸ்வரி சீனிவாசன் நம்ம சென்னை நாடகக் கலைஞர்.

நாலு மாதம் கழித்து, 2015 செப்டம்பரில், யாழ்ப்பாணத்திலேயே ஒரு விழா ஆரம்பமானது. 'யாழ்ப்பாணம் சர்வதேச சினிமா விழா'. இயக்குநர் அனோமா ராஜகருணா என்ற சிங்களப் பெண்மணி. அதற்கு முந்தைய வருஷம் அக்டோபரில்தான் 24 வருஷ இடைவெளிக்குப் பிறகு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை மறுபடி ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ரயில் வந்தது, பின்னாலேயே சினிமா விழா வந்தது. சரயேவோவை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இது சுபம் போட்டு முடியும் கதை இல்லை.

ஜூட் ரட்ணம் என்ற தமிழ் இயக்குநர் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். 1983 கலவரத்தின்போது அவர் ஐந்து வயதுச் சிறுவன். குடும்பத்தோடு வடக்கே ரயிலில் தப்பிப் போனவர். கனடாவுக்குப் போய்விட்ட முன்னாள் போராளியான அவருடைய மாமா ஊருக்குத் திரும்பி வருகிறார். அவரோடு சேர்ந்து பழைய இடங்களைப் பார்க்கிறார்கள். சிங்களப் பேரினவாதம் செய்ததை மட்டும் அந்தப் படம் பேசவில்லை. தமிழ் இயக்கங்கள் ஒருவரை ஒருவர் கொன்றதையும் பேசுகிறது. 2017ல் கானில் சிறப்புத் திரையிடலாகக் காட்டினார்கள்.

2018 அக்டோபரில் யாழ்ப்பாண விழாவில் அதைத் திரையிடுவதாக இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. யாழ்ப்பாணத் திரையிடல் ரத்தானது.

இதை நண்பனிடம் சொல்லி, "படத்தைக் காட்டாமல் விட்டது தப்பு" என்று நான் நீளமாகப் பேசினேன். ரயில் எண்ணூரைத் தாண்டிக் கொண்டிருந்தது. (அன்று அவன் வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தோம்.) அவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, "உனக்குச் சுலபம் மச்சான். எங்க வீட்டுல ஒரு மாமா ஆர்மி சுட்டுச் செத்தாரு. இன்னொரு மாமாவை யாரு கொன்னாங்கன்னு எங்க அம்மா இன்னி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. அந்தப் படத்தை எங்க வீட்டுல போட்டா யாரு எந்திரிச்சுப் போவாங்க, யாரு உக்காந்து அழுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றான்.

அத்திப்பட்டு வரும் வரை நாங்கள் எதுவும் பேசவில்லை.

இப்போதும் நான் அந்தப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். திரைப்பட விழா என்றால் நாம் பார்க்க விரும்பாததையும் பார்ப்பதற்குத்தான். தானோவிச்சின் படத்தில்கூட போஸ்னியர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. பதுங்குகுழிக்குள் 'போரை ஆரம்பித்தது யார்' என்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் கருத்துச் சுதந்திரத்தின் எதிரிகள் என்று சுலபமாக எழுதிவிட்டுப் போக அந்த ரயில் பயணத்துக்குப் பிறகு என்னால் முடியவில்லை. செத்தவர்களின் வீடுகள் இருக்கும் தெருவிலேயே திரையைக் கட்டுவது வேறு, கானில் காட்டுவது வேறு. நேரம் வரும்வரை காத்திருக்கலாம் என்கிறீர்களா? அந்த நேரம் வந்துவிட்டது என்று யார் சொல்வது? எனக்கு விடை தெரிந்த கேள்வியை மட்டும்தான் எழுத வேண்டும் என்றால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

அம்மம்மா பார்த்த படம்

கடைசியாக ஒன்று.

எங்கள் பக்கத்தில் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967ல் 'பாமா விஜயம்' படத்தோடு திறந்து 53 வருஷம் ஓடி 2020ல் மூடப்பட்டது. மூடியபோது வடசென்னையே வருத்தப்பட்டது. நானும்தான். ஆனால் வேறு தியேட்டருக்குப் போய்விட்டோம். ஊர் இருந்தால் ஒரு தியேட்டர் போனாலும் இன்னொன்று வரும். ஊரே போனால்?

அன்று கும்மிடிப்பூண்டியில் நண்பனின் வீட்டில், அவன் சித்தப்பா எப்போதோ அனுப்பியிருந்த ஒஸ்லோ விழா வீடியோவை போனில் போட்டுக் காட்டினான். அம்மம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் யாரோ விருது வாங்குகிறார்கள், பின்னால் திரையில் படத்தின் காட்சிகள் ஓடுகின்றன. அம்மம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது மட்டும், "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார். போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"உந்த நீலச் சட்டைக்காரன் ஆற்றை பெடியன்? எங்கட குறிச்சி ஆள் மாதிரிக் கிடக்கு."

நண்பன், "தெரியல அம்மம்மா" என்றான். அவர் விடவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போடச் சொன்னார். நாலாவது தடவை, "ஓம், அவன்தான். தேப்பன்ரை மூக்கு" என்று ஒரு பெயரைச் சொன்னார். 1990க்குப் பிறகு பார்க்காத ஒரு வீட்டின் பையன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்வதாக நண்பன் சொன்னான்.

விருது யாருக்குக் கிடைத்தது என்று நாங்கள் மூன்று பேரும் கவனிக்கவே இல்லை.

2018ல் அந்தப் படத்தைக் காட்டியிருக்க வேண்டுமா, வேண்டாமா? உங்கள் பதிலைக் கட்டாயம் எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு திட்டுங்கள்.